இலங்கைக்கு எதற்காகப் போக வேண்டும்? சேதுக்கரை வாசகர்களுக்குச் சில குறிப்புகள்

3 மே 2025, தொண்டியிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

குடும்பத்தோடு இலங்கைக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று வீட்டில் வற்புறுத்துகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அங்கே இருப்பவை கடலும் பனையும் கோயிலும் மீன் குழம்பும்தானே. இவை நான்கும் நம் வாசலிலேயே இருக்கின்றன. கடவுச்சீட்டு எடுத்து, இவ்வளவு செலவு செய்து, நம் ஊரையே மறுபடி பார்த்து வருவதில் என்ன பயன்? தக்க காரணம் இருந்தால் சொல்லுங்கள், புறப்படுகிறேன்.

4 மே 2025

நம் ஊரைப் போலவே இருக்கிறது என்பதைப் போகாமல் இருப்பதற்கான காரணமாகச் சொல்கிறீர்கள். நான் அதையே போவதற்குரிய முதற்காரணமாகக் கொள்கிறேன். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். இராமநாதபுரத்திலிருந்து பரமக்குடி அதைவிடத் தூரம். ஒரே மணல், ஒரே வாடைக் காற்று, ஒரே பனை. ஆனால் அந்தப் பனையிலிருந்து அவர்கள் எடுப்பது வேறு.

நாம் பனங்கிழங்கை அவித்துத் தின்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். யாழ்ப்பாணத்தில் பச்சைக் கிழங்கைக் கிழித்து வெயிலில் காயவைத்து ஒடியலாக்குகிறார்கள். அவித்துக் காயவைத்தால் அது புழுக்கொடியல். ஒடியலை இடித்து மாவாக்கி, நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, புளி, செத்தல் மிளகாய் எல்லாம் ஒரே பானையில் சேர்த்துக் கூழ் காய்ச்சுகிறார்கள். பலா இலையைக் கோலி அதில் ஊற்றிக் குடிப்பது பழைய வழக்கம். நண்பர் ஒருவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து நான் அதை முதன்முதலாகக் குடித்தபோது, பனங்காட்டுக்குள்ளேயே வளர்ந்த எனக்கு, இந்த மரத்துக்குள் இப்படி ஓர் உணவு இருந்திருக்கிறதே என்ற வியப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பனம்பழக் களியைப் பாயில் பரப்பிக் காயவைத்துச் செய்யும் பனாட்டும் அப்படிப்பட்டதே. தெரிந்த பொருளை வேறொரு கை வேறு விதமாக ஆள்வதைப் பார்ப்பது, முற்றிலும் தெரியாத ஒன்றைப் பார்ப்பதைவிட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

4 மே 2025, இரவு

மேலே நான் எழுதியது உங்கள் கேள்வியின் ஒரு பாதிக்குத்தான் விடை. இன்னொரு பாதி, நம்மைப் போல் சிறிதும் இல்லாத இலங்கை. அதைத் தனியே எழுதுகிறேன். இரண்டில் அதுவே கனமான காரணம்.

7 மே 2025

இராமேசுவரத்திலிருந்து கப்பல் உண்டா என்று மூவர் கேட்டிருக்கிறார்கள். இப்போது இல்லை. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, சென்னையில் ரயிலேறியவர் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம் என்ற நிலை இருந்தது. போட் மெயில் என்ற பெயரை நம் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. என் பெரியப்பா கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர். சம்பளத்தோடு வீட்டுக்கு ஏலமும் கறுவாப்பட்டையும் கொண்டுவருவார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில், போர் மூண்ட காலத்தில், நின்றுபோயிற்று.

இன்றைய வழிகள் இவை. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டு முதல் ‘சிவகங்கை’ என்ற கப்பலாக ஓடுகிறது. ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் உண்டு. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏற்கெனவே உண்டு. 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் தொடங்கினார்கள். பயண அனுமதியை இணையத்தில் முன்னதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுவதால் யாரோ எழுதிவைத்த தொகையை நம்பாமல் அரசின் தளத்திலேயே பாருங்கள்.

8 மே 2025

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போய்வந்ததால் இலங்கையைப் பார்த்தாயிற்று என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அது 1974 உடன்பாட்டின்படி இலங்கைக்குச் சேர்ந்த தீவுதான். ஆனால் அங்கே குடியிருப்பு இல்லை, குடிநீரும் இல்லை. இரு கரை மக்களும் ஒரு கோயிலில் ஒன்றாக நிற்பதைக் காண்பது பெரிய பேறு. நானும் அதை மதிக்கிறேன். ஆனாலும் தம்பி, அங்கே நின்று பேசிய நெடுந்தீவுக்காரரின் ஊருக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக் குறிகாட்டுவான் துறையில் படகேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவு. வேலிகளெல்லாம் பவளக் கற்களை அடுக்கிய மதில்கள். மேற்கே வெட்டவெளியில் கட்டுக்கடங்காத குதிரைகள் மேய்கின்றன. ஐரோப்பியர் விட்டுச்சென்றவற்றின் வழிவந்தவை என்று சொல்கிறார்கள். அதே துறையிலிருந்து நயினாதீவுக்குப் போகலாம். நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் நடந்து போகும் தொலைவில் இருக்கின்றன. படகில் வெள்ளுடை அணிந்த சிங்களக் குடும்பங்களும் நெற்றியில் நீறணிந்த நம்மவர்களும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து போவார்கள்.

15 மே 2025

மன்னாரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எந்தச் சுற்றுலா நிறுவனத்தின் பட்டியலிலும் அது இருப்பதில்லை. நான் அதை முன்வரிசையில் வைக்கிறேன்.

திருஞானசம்பந்தர் இராமேசுவரத்தில் நின்றபடியே கடலுக்கு அப்பால் இருந்த திருக்கேதீச்சரத்தையும் திருக்கோணமலையையும் பாடினார் என்பது மரபு. மன்னாருக்கு அருகே உள்ள திருக்கேதீச்சரத்தைச் சுந்தரரும் பாடியிருக்கிறார். பாலாவிக் கரையும், கோயில் இருந்த பழைய ஊரான மாதோட்டமும் அந்தப் பதிகத்தில் வருகின்றன. மாதோட்டத்துப் பழைய கோயிலைப் போர்த்துக்கீசியர் இடித்தார்கள். இன்றிருப்பது பிற்காலத்தில் எழுப்பப்பட்டு அண்மையில் கருங்கல்லால் புதுப்பிக்கப்பட்ட கோயில். பாலாவித் தீர்த்தத்தில் நீர் மொண்டு அடியார்கள் தாங்களே அபிடேகம் செய்வதைப் பார்த்தேன். இராமநாதசுவாமி கோயிலில் பதிகம் கேட்டு வளர்ந்தவருக்கு அந்தக் குளக்கரையில் நிற்பது என்ன உணர்வைத் தரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

மன்னார்த் தீவில் பள்ளிமுனையில் ஒரு பெருக்க மரம் (பாவோபாப்) நிற்கிறது. அரபு வணிகர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த இனம் என்கிறார்கள். வீதியெங்கும் கழுதைகள் திரிகின்றன. வங்காலைப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் பூநாரைகள் கூட்டமாக இறங்கும். தனுஷ்கோடி வழியில் கோதண்டராமர் கோயிலருகே நாம் பார்க்கும் அதே வலசைப் பறவைகள்தாம். அரிப்பில் கடலோரம் இடிந்து நிற்கும் மாளிகை, முத்துக்குளிப்பை மேற்பார்வையிட ஆங்கில ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் கட்டியது. கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் முத்துக்குளிப்போர் இந்தக் கடலுக்குத்தான் தோணியேறினார்கள். மடு மாதா கோயில் இங்கிருந்து அருகில். ஆகஸ்டு 15 பெருவிழாவுக்குத் தமிழரும் சிங்களரும் காட்டுக்குள் குடிசை போட்டுத் தங்குவார்கள்.

தலைமன்னார்ப் பழைய இறங்குதுறையைப் பார்க்க மறக்காதீர்கள். போரில் அழிந்த ரயில் பாதையை மீண்டும் அமைத்து 2015-இல் தலைமன்னார் வரை ரயில் விட்டுவிட்டார்கள்.

23 மே 2025

தனியே எழுதுகிறேன் என்று சொல்லியிருந்த பாதி இது.

நம் மாவட்டம் மழையை நம்பிய மாவட்டம். கண்மாய், மடை, கலுங்கு, மறுகால் என்ற சொற்களோடு வளர்ந்தவர்கள் நாம். இராஜசிங்கமங்கலம் கண்மாயை, நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று சொல்லி நம் பாட்டிமார் பெருமைப்பட்டார்கள். அந்தப் பெருமையோடு அனுராதபுரத்துக்குப் போங்கள். அங்கே தாதுசேனன் 5ஆம் நூற்றாண்டில் கட்டிய கலாவெவ ஏரியிலிருந்து அனுராதபுரத்துக்கு ஏறத்தாழ 87 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். தொடக்கத்தில் பதினேழு மைல் வரைக்கும் அதன் சரிவு மைலுக்கு ஆறு அங்குலம் மட்டுமே. தண்ணீர் கரையை அரிக்காமல், தேங்கியும் நிற்காமல், ஊர் ஊராக நிறைத்துக்கொண்டு போவதற்கு இன்றைய அளவு கருவிகள் இல்லாத காலத்தில் எப்படி மட்டம் பிடித்தார்கள் என்று நான் அந்தக் கரையில் நடக்கையில் எண்ணிக்கொண்டே போனேன்.

பெரிய ஏரிகளின் கரைக்குள் பிசோகொட்டுவ என்று ஒரு சதுரக் கிணறு கட்டியிருப்பார்கள். ஏரி நீரின் அழுத்தம் மதகுக் குழாயை உடைத்துவிடாதபடி அதைத் தணித்து, வேண்டிய அளவு நீரை வெளியே விடுவதற்கான அமைப்பு அது. பாண்டி நாட்டுக் கண்மாய்களின் குமிழி மடையைப் பார்த்தவர்களுக்கு அதன் பயன் உடனே விளங்கும்; அளவைக் கண்டால்தான் மலைப்பு உண்டாகும். பொலன்னறுவையில் பராக்கிரம சமுத்திரத்தின் கரையில் நிற்கும்போது எதிர்க்கரை தெளிவாகத் தெரியாது. மகாசேனன் கட்டிய மின்னேரியாக் குளத்தில் ஆகஸ்டு, செப்டம்பரில் தண்ணீர் வற்றி, படுகையில் புல் முளைக்கும்போது, சுற்றுக்காடுகளிலிருந்து யானைகள் நூற்றுக்கணக்கில் வந்து கூடுகின்றன. மனிதன் வெட்டிய குளம் காட்டுக்கும் வாழ்வு கொடுக்கிறது.

வைகையின் கடைசித் தண்ணீருக்காக இராமநாதபுரம் பெரிய கண்மாய் காத்துக்கிடப்பதை ஆண்டுதோறும் பார்க்கிற நமக்கு இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்? நம் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய்க் காட்ட வேண்டும் என்று விரும்புகிறேன்.

24 மே 2025

நேற்று எழுதியதில் நீரைப் பற்றியே சொல்லிக்கொண்டு போனேன். அனுராதபுரத்தில் தூபிகளும் மகாபோதி மரமும் உண்டு. பௌத்தம் வாழும் சமயமாக இருப்பதை நம் பக்கத்தில் நாம் பார்ப்பதே இல்லை. விடியற்காலையில் வெள்ளை உடுத்திய குடும்பங்கள் தாமரை மொக்குகளைத் தட்டில் ஏந்தி ருவன்வெலிசாயத் தூபியை வலம் வருவார்கள். அவ்வளவு கூட்டத்திலும் சத்தமே இருக்காது.

பொலன்னறுவையில் இராசேந்திர சோழன் தாயின் பெயரால் அமைந்த வானவன்மாதேவி ஈச்சுவரம் இன்றும் உருக்குலையாமல் நிற்கிறது. அதே ஊரில் வேளைக்காரப் படையினரின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. சிங்கள மன்னன் விஜயபாகு காலத்தில் எழுந்த, புத்தரின் பல்லை வைத்த கோயிலை உயிர்கொடுத்தும் காப்போம் என்று தமிழ்ப் படை எடுத்துக்கொண்ட பொறுப்பு அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இரு இனங்களின் வரலாற்றைப் பகையின் வரலாறாக மட்டுமே படித்து வந்த எனக்கு அந்தக் கல் நெடுநாள் நினைவில் நின்றது. கல்விகாரையின் சாய்ந்த புத்தரை எல்லோரும் பார்ப்பார்கள். கல்வெட்டைத் தேடிப் போய்ப் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள்: புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். அவர்கள் மனம் நோகும்.

31 மே 2025

“நம் மீனவரைச் சிறைப்பிடிக்கும் நாட்டுக்குப் போய்ப் பணத்தைக் கொட்ட வேண்டுமா?” என்று பாம்பனிலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுச் சுற்றுலா பேசுவது நேர்மையாகாது. படகை இழந்த குடும்பங்கள் என் தெருவிலும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பெண்கள் வட்டிக்கு வாங்கி நாளோட்டுவதை நான் அறிவேன்.

ஆயினும் நான் போய்வந்தபின் ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன், அண்ணே. போர்க் காலத்தில் கடலுக்கே போக முடியாமல் முடங்கிக் கிடந்தவர்கள் யாழ்ப்பாண, மன்னார் மீனவர்கள். அவர்களும் தமிழர்கள். சிறு படகும் வலையும் வைத்திருக்கும் அவர்கள், நம் இழுவைமடிப் படகுகள் வந்துபோன மறுநாள் அறுந்த வலையைக் கையில் எடுத்துக் காட்டுகிறார்கள். இழுவைமடியை இலங்கை 2017-இல் சட்டத்தால் தடைசெய்துவிட்டது. மன்னார்த் தீவின் பேசாலையில் ஒரு வயதான மீனவர் எனக்குத் தேநீர் கொடுத்து உட்காரவைத்து, கோபமே இல்லாத குரலில், கடலின் அடி வழிக்கப்பட்டால் இரண்டு கரைக்கும் மீன் இருக்காது என்றார். இதைத் தீர்ப்பது அரசுகளின் பொறுப்பு. ஆனால் அந்த முகங்களைப் பார்த்தவர்கள் நம் கரையில் அதிகமாக வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். நீங்கள் கொடுக்கும் பணமும் மன்னாரில் ஒரு சிறு விடுதிக்காரருக்கோ தீவகத்தில் ஒரு படகுக்காரருக்கோ போய்ச்சேரும்படி செலவு செய்யலாம்.

9 ஜூன் 2025

உணவு. முதல் குறிப்பில் பனையிலிருந்து வருவதை மட்டுமே சொன்னேன். கீழக்கரை வாசகர்கள் தொதலைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டுவிட்டார்கள். கீழக்கரையில் அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் நாள் முழுவதும் கிண்டிச் செய்யும் அந்தத் தொதல், இலங்கையில் அம்பாந்தோட்டைப் பக்கம் கடைகளில் கறுத்து மினுங்கிக்கொண்டு அடுக்கப்பட்டிருக்கும். மலாய் மக்களின் பண்டம் அது. கடல்வழி வணிகம் இரண்டு கரைக்கும் அதைக் கொண்டுசேர்த்திருக்கிறது. வட்டிலப்பமும் அவ்வாறே; ஆனால் அங்கே கித்துள் பனை வெல்லத்தில் செய்வதால் அதில் ஒரு புகைமணம் இருக்கும். எருமைத் தயிரின்மேல் கித்துள் பாணியை ஊற்றித் தருவார்கள். ஒரு வேளை உணவையே விட்டுவிட்டு அதைச் சாப்பிடலாம்.

யாழ்ப்பாணத்தில் இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். வறுத்து அரைத்த கறித்தூள் போட்ட நண்டுக்கறி. சிங்களப் பகுதியில் கொறக்கா எனப்படும் குடம்புளி போட்டுச் சுண்டவைத்த மீன் துண்டங்கள், அம்புல் தியல் என்பார்கள். நம் புளிக்குழம்பிலிருந்து வெகுதூரம் விலகிய, உலர்ந்த, கறுத்த சுவை. மாசிக் கருவாடு சேராத சம்பல் சிங்கள வீடுகளில் அரிது. சைவ உணவினர் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வது நல்லது. கொத்து ரொட்டியைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதற்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை.

21 ஜூன் 2025

மலைநாட்டைப் பற்றி எழுதத் தயங்கிக்கொண்டே இருந்தேன். அதை அழகுக்காக மட்டும் பார்க்க என்னால் இயலவில்லை.

கண்டியிலிருந்து நானுஓயா, பட்டிப்பொல, எல்ல வழியாகப் பதுளைக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்தால் சன்னலுக்கு வெளியே தேயிலை ஓய்வதே இல்லை. 1867-இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். காப்பி நோயால் அழிந்தபின் மலை முழுவதும் தேயிலை ஆயிற்று. காட்டை வெட்டி அந்தச் சரிவுகளைத் தோட்டமாக்கியவர்களில் பலர் இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை ஊர்களிலிருந்து போனவர்கள். ரயில் வருவதற்கு முன் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் மடிந்தவர்களுக்குக் கல்லறை கிடையாது. பின்னர் மண்டபம் முகாமில் தங்கவைத்து, நோய் பார்த்து, கப்பலேற்றினார்கள். 1948-இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாடு இலட்சக்கணக்கானவர்களைத் திரும்ப அனுப்ப வழிசெய்தது. திரும்பி வந்தவர்களில் பலரும் அதே மண்டபம் முகாமுக்குத்தான் வந்துசேர்ந்தார்கள்.

ஆகவே, ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்னும் செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் காலையிலேயே, மேகம் மூடுவதற்கு முன், போய் நில்லுங்கள். ஆனால் ஒரு தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கும் போய்ப் பேசுங்கள். “இந்தியாவில எந்த ஊருங்க?” என்று கேட்பார்கள். முதுகுளத்தூர், கமுதி, திருவாடானை என்று நீங்கள் சொன்னதும் அவர்களுடைய தாத்தாவின் ஊர்ப்பெயர் வெளியே வரும். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் அந்த நடைப்பயணத்தின் நினைவு இன்னும் இருக்கிறது.

2 ஜூலை 2025

எந்த வரிசையில் போவது என்று கேட்பவர்களுக்கு: 1897 சனவரியில் விவேகானந்தர் கொழும்பில் இறங்கி, கண்டி, மாத்தளை, தம்புள்ளை, அனுராதபுரம், வவுனியா, யாழ்ப்பாணம் என்று வடக்கே வந்து, கடல் கடந்து பாம்பனில் இறங்கினார், இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி அவரை வரவேற்றார். அந்த வழியைத் தலைகீழாக்கினால் நமக்குப் பொருத்தமான பயணம் அமையும். ஐந்து நாளில் கொழும்பு, கண்டி, நுவரெலியா, பெந்தோட்டை என்று சுற்றிக்காட்டும் தொகுப்புப் பயணத்தில் வடக்கே எதுவும் இராது. ஒரு வாரம்தான் கிடைக்கும் என்றால் தென்கரையை விட்டுவிடுங்கள். காலிக் கோட்டை அழகானது, அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

6 ஜூலை 2025

சிறுத்தை பார்க்க யால போக வேண்டுமா என்ற கேள்விக்கு: வடக்கிலிருந்து வருபவர்களுக்கு வில்பத்து பக்கம். யாலவைவிடக் கூட்டம் குறைவு, வில்லு எனப்படும் இயற்கைக் குளங்கள் நிறைந்த காடு. யாலவின் முதன்மைப் பகுதியைக் கோடை வறட்சியின்போது, பெரும்பாலும் செப்டம்பரில், மூடிவிடுவதும் உண்டு.

14 ஜூலை 2025

கேள்வி கேட்ட தொண்டி வாசகர், காலாண்டுத் தேர்வு விடுமுறையில் போவதாக முடிவு செய்து, தாயாரையும் அழைத்துப்போகலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாக. நல்லூர்த் திருவிழா அதற்குள் முடிந்திருக்கும். ஆனாலும் கோயிலுக்குப் போங்கள், ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். 1981-இல் எரிக்கப்பட்டு 2003-இல் மீண்டும் திறக்கப்பட்ட யாழ் நூலகத்துக்கும் பிள்ளைகளை அழைத்துப்போங்கள். சிகிரியாவில் ஏறத்தாழ 1200 படிகள். தாயாருக்கு அது வேண்டாம், கீழேயுள்ள நீர்த்தோட்டங்களில் நிழலில் அமர்ந்திருக்கலாம், நீங்கள் காலை ஏழு மணிக்கே ஏறி இறங்கிவிடுங்கள். தம்புள்ளைக் குகைக் கோயிலுக்குப் படிகள் குறைவு, நின்று நின்று ஏறுவார்கள். மின்னேரியாவில் செப்டம்பர் கடைசி வரை யானைகள் இருக்கும், பிற்பகலில் போங்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் புறப்படுகிறதா என்பதை முன்தினமே தொலைபேசியில் உறுதிசெய்துகொண்டு, திரும்பும் பயணத்துக்குக் கொழும்பு–மதுரை விமானச் சீட்டை இப்போதே எடுத்துவிடுங்கள்.